நான்கு மலை, இரண்டு நாள்: பெங்களூரிலிருந்து எங்கே போவது?

சென்னைச் சொந்தக்காரர்கள் ஏலகிரிக் குளிரைப் பற்றிச் சொல்வதை நம்பி, பெங்களூரிலிருந்து ஸ்வெட்டர் சகிதம் அங்கே போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். பெங்களூரே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில் இருக்கிறது. ஏலகிரி 1,100 மீட்டர் சொச்சம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்கில் சென்னைக்காரருக்கு ஏலகிரி ஏழு டிகிரி லாபம். பெங்களூர் அல்சூர்க்காரருக்கு ஒன்றேகால் டிகிரிகூடத் தேறாது. நாம் முக்கால் மலை ஏறித்தான் குடியிருக்கிறோம்.

மற்ற மூன்று மலைகளையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். சிக்மகளூர் ஊர் சுமார் 1,090 மீட்டர், மடிகேரி 1,150ஐ ஒட்டி. இரண்டும் ஏலகிரி உயரம்தான். அங்கே நாம் உணரும் குளிர்ச்சிக்கு உயரத்தைவிட மழையும் மூட்டமும் காபித் தோட்ட நிழலும்தான் காரணம். ஏற்காடு 1,515 மீட்டர்; நான்கில் அதுதான் உயரத்தாலேயே கொஞ்சம் குளிர்கிறது. உண்மையான குளிர் வேண்டுமென்றால் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்குத்தான் போக வேண்டும். ஆனால் அது வார இறுதிக்குத் தோதான ஊர் இல்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

என் கட்சி இதுதான்: கையில் சனி, ஞாயிறு மட்டும் இருந்தால், எந்த மலை அழகு என்ற விவாதத்தைத் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஊரைவிட்டு வெளியேறும் சாலை எது, இது எந்த மாதம், காரில் யார் யார் வருகிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மலை தானாக முடிவாகிவிடும்.

நந்தி மலையை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். 1,478 மீட்டர், ஊரிலிருந்து 60 கிலோமீட்டர், விடியற்காலை மேகம் எல்லாம் சரி. அது ஒரு காலைப் பொழுதுக்கான இடம். வார இறுதியில் அடிவாரத்திலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சூரியன் மேலே வந்த பிறகு நீங்கள் மேலே போவீர்கள். போகிறவர்கள் மலை இறங்கியதும் நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயிலைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கோயில், பெரிய கல் குளம், உச்சியில் இருக்கும் கூட்டத்தில் பாதிகூட அங்கே இருக்காது. பாலாறும் தென்பெண்ணையும் இந்த நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன. சேலம் போகும் வழியில் காவேரிப்பட்டணத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணைக்கு இதுதான் தாய்வீடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர்கள் காதில் விழுமா என்பது வேறு விஷயம்.

எந்த வாசல் உங்களுடையது?

பெங்களூரைவிட்டு வெளியே போவதுதான் பயணத்தின் கடினமான பகுதி. அல்சூர், மர்பி டவுன், ராமமூர்த்தி நகர், எலெக்ட்ரானிக் சிட்டி என்று கிழக்கிலும் தெற்கிலும் இருப்பவர்களுக்கு ஓசூர் சாலைதான் வாசல். அங்கிருந்து ஏலகிரி சுமார் 160 கிலோமீட்டர், ஏற்காடு சுமார் 230. ராஜாஜி நகர், யஷ்வந்த்பூர், பீன்யா பக்கம் இருந்தால் துமகூர் சாலையில் நெலமங்கலா போய் ஹாசன் வழியைப் பிடித்துவிடலாம். சிக்மகளூர் ஏறத்தாழ 245. கெங்கேரி, ராஜராஜேஸ்வரி நகர்க்காரர்களுக்கு மைசூர் சாலை. மடிகேரி 260க்குக் குறையாது.

இந்த எண்கள் தூரத்தைச் சொல்கின்றன, நேரத்தைச் சொல்வதில்லை. கெங்கேரியில் இருப்பவர் ஏலகிரி போவதாக இருந்தால், ஊரை குறுக்கே கடந்து ஓசூர் சாலையில் சேர்வதற்கே காலை ஏழு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் போய்விடும். நைஸ் ரோடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்தையும் மைசூர், துமகூர் சாலைகளையும் ஊருக்குள் நுழையாமல் இணைக்கிறது. டோல் கட்டணம் கொஞ்சம் கசக்கும், ஆனால் எரிச்சலுக்கு முன் அது மலிவு. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர்க்காரர்கள் சில்க் போர்டு சந்திப்புப் பக்கமே தலைவைக்காமல் ஓசூர் சாலையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு நேராக வந்து சேரலாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஓசூர் சாலையில் இறங்காதீர்கள். சேலம், திருச்சி, மதுரை என்று ஊருக்குப் போகிற மொத்தக் கூட்டமும் ஆம்னி பஸ்களும் அப்போது அங்கேதான் இருக்கும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் அந்தத் திசையையே மறந்துவிடுவது உத்தமம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிடலாம். அதே ஆள் ஏழரைக்குக் கிளம்பினால் அத்திப்பள்ளி டோலிலேயே பாதிப் பொறுமை போய்விடும்.

சொந்த வண்டி இல்லாமல் மஞ்சள் போர்டு டாக்ஸி எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கர்நாடகா டாக்ஸி தமிழ்நாட்டுக்குள் நுழைய பர்மிட் வரி கட்ட வேண்டும். அது வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மாநில எல்லையான ஜூஜூவாடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டிரைவர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். மடிகேரியும் சிக்மகளூரும் கர்நாடகாவுக்குள்ளேயே இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஏலகிரியா, ஏற்காடா?

தமிழ்க் குடும்பங்களில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டிலும் பேச்சு நம் மொழி, சாப்பாடு நம் சாப்பாடு. பெரியவர்கள் கூட வந்தால் இது சின்ன விஷயமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ரசம் சாதம் கேட்டால் விளக்கம் சொல்லாமல் கிடைக்கும்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். மாமியாருக்குத் தலை சுற்றி, "இன்னும் எத்தனை வளைவுங்க மாப்பிள்ளை?" என்று கேட்பதற்குள் மேலே போய்விடலாம், மலைப்பாதை அவ்வளவு சின்னது. மேலே போனால் புங்கனூர் ஏரியில் படகு, ஒரு இயற்கைப் பூங்கா, முருகன் கோயில், சுவாமிமலைக்கு ஒரு ஏற்றம். அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் எல்லாம் பார்த்தாகிவிடும். பார்ப்பதற்கு நிறைய இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அறுபது தாண்டிய அப்பா அம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நிறைய இல்லாததே ஒரு வசதி. அறையில் படுத்துக்கொண்டே இருந்தாலும் எதையும் தவறவிட்ட குற்ற உணர்ச்சி வராது.

பலர் விட்டுவிடுகிற ஒன்று காவலூர். ஏலகிரிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நடத்துவது நம் கோரமங்களாவில் தலைமையகம் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நிறுவப்பட்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977இல் உலகம் கண்டுகொண்டபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுவாகச் சனிக்கிழமைகளில்தான் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். எந்த நேரம், எந்த மாதங்களில் இரவில் வானம் காட்டுகிறார்கள் என்பதை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏலகிரியின் மதிப்பு இதனாலேயே இரண்டு மடங்காகிறது. படகுச் சவாரியைவிட இது எத்தனையோ மேல்.

இன்னொரு ஈர்ப்பு சாப்பாடு. மலை இறங்கினால் வாணியம்பாடி, இன்னும் கொஞ்சம் தள்ளி ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காய். ஞாயிறு மத்தியானம் அங்கே போவது திரும்பும் வழிக்கு எதிர்த்திசைதான், மறுக்கவில்லை. பெங்களூரில் "ஆம்பூர் பிரியாணி" என்று பலகை போட்டு விற்பதைத் தின்று பழகியவர்கள் அந்தச் சுற்றலுக்கு வருத்தப்பட மாட்டார்கள்.

ஏற்காடு வேறு ரகம். சேலம் வரை ஆறுவழியும் நாலுவழியுமாக நல்ல சாலை. நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கம் மட்டும் கவனம்: கனரக லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை இடித்துத் தள்ளிய விபத்துகள் அங்கே நிறைய நடந்திருக்கின்றன. இறக்கத்தில் லாரிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள், கியரைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். சேலத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் 280 மீட்டர்தான் என்பதால் ஏறுவது 1,200 மீட்டருக்கு மேல். அதனால்தான் பாதி மலையிலேயே காற்று மாறுவது முகத்தில் தெரியும். ஏலகிரியில் இந்த அனுபவம் கிடைக்காது. வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் குப்பனூர் வழியாக ஏறலாம், திருப்பங்கள் குறைவு.

மேலே ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். கிளியூர் அருவியை மழைக்குப் பிறகு மட்டும் நம்பிப் போகலாம். ஏப்ரலில் பாறையைத்தான் பார்ப்பீர்கள். ஏற்காட்டின் பெரிய சொத்து 32 கிலோமீட்டர் லூப் ரோடு. காபி எஸ்டேட், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக், நடுநடுவே மலைக் கிராமங்கள். காலை ஆறரைக்கு அந்தச் சுற்றில் வண்டியை மெதுவாக விட்டால் எதிரே பால் வண்டி தவிர வேறெதுவும் வராது. மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்து சில நாட்களில் காபி பூத்தால் மலையே மல்லிகை மணக்கும். அது இரண்டு மூன்று நாள் காட்சி, தேதி சொல்லிப் போக முடியாது. 1820களில் காக்பர்ன் என்ற பிரிட்டிஷ் கலெக்டர் இங்கே காபி கொண்டுவந்து நட்டதிலிருந்து நடக்கும் திருவிழா. இரவில் லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலம் விளக்குகளைப் பார்ப்பது பழைய பொழுதுபோக்கு, இன்னும் சலிக்கவில்லை.

இறங்கும்போது சேலத்தில் மாலை நேரமாக இருந்தால் தட்டுவடை செட் சாப்பிடாமல் பைபாஸைப் பிடிக்க வேண்டாம். இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், சட்னி. காரில் சிந்தும், சொல்லிவிட்டேன்.

என்னைக் கேட்டால் இரண்டில் ஏற்காடுதான். கூடுதலாகப் போகும் 70 கிலோமீட்டருக்கு உண்மையான மலை கிடைக்கிறது. ஒரே ஒரு ராத்திரி, சின்னக் குழந்தை, அல்லது முட்டி வலி உள்ளவர்கள் என்றால் ஏலகிரி.

மேற்கே போனால்

மடிகேரிக்குப் போவது முன்பு ஏழு மணி நேரத் தவம். 2023 மார்ச்சில் மைசூர் எக்ஸ்பிரஸ்வே திறந்த பிறகு முதல் பாதி சுருங்கிவிட்டது; 119 கிலோமீட்டரை ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணியில் ஓட்டிவிடலாம். 2023 ஆகஸ்ட் முதல் பைக்கும் ஆட்டோவும் பிரதான பாதையில் போகக் கூடாது. பைக்கில் போகும் இளைஞர்கள் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். கேமராக்கள் வேகத்தைப் பிடித்து அபராதம் அனுப்பும். நூறைத் தாண்டாதீர்கள். இந்தச் சாலையால் ஒரு இழப்பும் உண்டு: பிடதியின் தட்டே இட்லியும் மத்தூர் வடையும் இப்போது பைபாஸுக்கு வெளியே போய்விட்டன. வேண்டுமென்றே இறங்கினால்தான் உண்டு. இறங்குங்கள்.

மைசூரிலிருந்து மடிகேரி இன்னும் 120. ஹுன்சூர், பிரியாபட்டணா என்று பெரும்பாலும் இருவழிச் சாலை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குஷால்நகருக்கு முன்னால் பைலகுப்பே: 1960களின் தொடக்கத்தில் உருவான திபெத்தியர் குடியிருப்பு, தங்க நிறச் சிலைகள் உள்ள நாம்த்ரோலிங் மடாலயம். அங்கே ஒரு மணி நேரம். ஆக, ஊரைவிட்டு வெளியேறுவதும் சாப்பாட்டு நிறுத்தங்களும் சேர்ந்து, காலை ஐந்துக்குக் கிளம்பினாலும் மடிகேரியில் பெட்டியை இறக்கும்போது மதியம் ஆகிவிடும். ஞாயிறு காலை பத்துக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் வீடு. நடுவில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மாலை மட்டும். அதில் அபி அருவியா, ராஜா சீட்டா, எஸ்டேட் ஹோம்ஸ்டே வாசலில் சும்மா உட்காருவதா? பெட்ரோல் கணக்கும் பாருங்கள்: லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்குப் போக வர 35 லிட்டர், அங்கே சுற்றுவது தனி. ஏலகிரிக்கு 22 லிட்டரில் எல்லாம் முடியும்.

ஆனாலும் தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்களைத் தடுக்க முடியாது. அவர்களுக்குக் குடகு என்றால் தலைக்காவேரி. மடிகேரியிலிருந்து 45 கிலோமீட்டர், ஒரு சின்னத் தொட்டி, பக்கத்தில் கோயில், கீழே மேகம். கடைமடை வயல் வரை ஓடும் ஆறு இவ்வளவுதானா என்று கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். ஐப்பசி முதல் நாள், அக்டோபர் 17ஐ ஒட்டி, அங்கே துலா சங்கராந்தித் திருவிழா. அதே மாதம் மயிலாடுதுறையில் துலா நீராட்டம். ஆற்றின் இரண்டு முனையிலும் ஒரே மாதத்தில் கூட்டம். அதற்காகப் போவதென்றால் ஒரு நாள் லீவு போட்டு மூன்று நாளாகப் போங்கள். இரண்டு நாளில் தலைக்காவேரியையும் சேர்த்தால் காரிலேயே குடியிருந்தது போலாகிவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் குடகு இன்னொரு காரணமும் தரும். கச்சம்புளி ஊற்றிய பந்தி கறியும் (பன்றிக்கறி) கடம்புட்டும் (அரிசி உருண்டை) வேறெங்கும் இந்தச் சுவையில் கிடைப்பதில்லை. வீட்டில் பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் இருந்தால் ஹோம்ஸ்டேயில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிக்மகளூர் இரண்டு நாளுக்கு மடிகேரியைவிடத் தோது. தூரம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் ஹாசன் வரை நாலுவழிச் சாலை. கர்நாடகாவின் மிக உயரமான முள்ளையனகிரி, 1,900 மீட்டருக்கு மேல், ஊரிலிருந்து அரைநாள் வேலை. வாகனம் போகும் வரை போய், மிச்சத்தைப் படியேறிக் கடக்க வேண்டும். பக்கத்தில் பாபா புடன்கிரி. 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் ஏமனிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிற மலை. நம் காலை டிகிரி காபிக்கு அங்கேதான் பூர்வீகம்.

வழியில் பேலூர். அந்தக் கோயிலுக்காகவே நான் சிக்மகளூரை மேலே வைப்பேன். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டில் சோழர்களைத் தோற்கடித்ததன் நினைவாக 1117இல் சென்னகேசவர் கோயிலை எழுப்பினான் என்பது பரவலான கருத்து. நம்மவர்கள் தோற்றதைக் கொண்டாடிக் கட்டிய கோயிலை நாமே குடும்பத்தோடு போய் வாய் பிளந்து பார்க்கிறோம். அந்தச் சிற்பங்களைப் பார்த்த பிறகு தோற்றதில் வருத்தமும் வருவதில்லை. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றும் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தூணுக்குத் தூண் ஆள் வைத்து விளக்கம் கேட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். காலையில் போகும்போதே முடித்துவிடுங்கள், திரும்பும்போது பார்க்கலாம் என்று வைத்தால் பார்க்க மாட்டீர்கள்.

மாதம்

இதுவரை சொன்னதையெல்லாம் மழை மாற்றிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை குடகையும் சிக்மகளூரையும்தான் அடிக்கிறது. மடிகேரியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில். பெங்களூரில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பச்சை பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம்தான். காலில் அட்டை ஏறும், மூட்டத்தில் எதிரே வருவது தெரியாது, 2018 ஆகஸ்டில் குடகில் நடந்தது போல மண்சரிவும் நேரும். சிவப்பு எச்சரிக்கை அறிவித்த வாரத்தில் ஹோம்ஸ்டேக்குக் கட்டிய முன்பணத்தை நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்த மாதங்களில் ஏலகிரியும் ஏற்காடும் சாயங்காலம் ஒரு மழை, காலையில் தெளிவு என்று சாதுவாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிலைமை தலைகீழ்: மேற்கே வானம் தெளியும், சேலம் பக்கம் கொட்டும். டிசம்பர், ஜனவரியில் நான்கும் நன்றாக இருக்கும், நான்கிலும் அறை கிடைக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஏற்காடு மட்டும்தான்.

ஊட்டிக்கு வருகிறேன். 270, 280 கிலோமீட்டர். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும், அதனால் அதிகாலைக் கிளம்பல் என்ற ஆயுதம் அங்கே முழுதாகப் பலிக்காது. நடு இரவு தாண்டியதும் கிளம்பிப் போய் கேட்டில் காத்திருப்பவர்களும் உண்டு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறலாம், 36 வளைவு; வெளியூர் வண்டிகளை அதே வழியில் இறங்க விடுவதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்குவார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். மூன்று நாள் லீவு சேர்ந்து வரும்போது போங்கள், அதுவும் எல்லோருக்கும் லீவாக இல்லாத மூன்று நாளாகப் பார்த்து.

கடைசியாக ஞாயிறு திரும்புவது. ஓசூர் சாலையில் மாலை ஆறிலிருந்து பத்து வரை அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்க வேண்டும். ஏலகிரிக்காரர்களும் ஏற்காட்டுக்காரர்களும் மூன்று மணிக்குள் கிருஷ்ணகிரியைத் தாண்டிவிட்டால் தப்பிக்கலாம். தாண்ட முடியவில்லையா, அவசரப்படாமல் ராத்திரிச் சாப்பாட்டைக் கிருஷ்ணகிரியிலேயே முடித்துக்கொண்டு ஒன்பதரைக்குக் கிளம்புங்கள். மேற்கிலிருந்து வருபவர்களுக்கு நெலமங்கலாவும் கெங்கேரியும் இதே வேலையைச் செய்யும். அங்கே ஐந்து மணி எல்லை.